அறையின் நிழலும் இரண்டு சோலார் பேனல்களும்

1

மொட்டைமாடியில் இருந்தவர்கள்: தையல்காரர். அவருடைய மனைவி. மனைவியின் தம்பி. பேனல் விற்கும் நிறுவனத்திலிருந்து அளவெடுக்க வந்த ஆள். பூட்டிய அறை ஒன்று.

அறையை ஆட்களோடு சேர்த்தது சரியில்லை என்று இரண்டு தடவை அடித்தேன். இரண்டு தடவையும் திரும்ப எழுதினேன். இருக்கட்டும்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கொஞ்ச காலம் இரவுப் பணியில் இருந்தேன். வீட்டுக் கூரைக்கு உயர்ரக சோலார் பேனல் வாங்க நினைக்கிறவர்கள் போன் செய்வார்கள். எந்த பேனல் வெயிலில் சோர்ந்துபோகாது, எது எத்தனை வருடம் தாங்கும் என்று ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். அவர்கள் ஊரில் பகல், எனக்கு ராத்திரி. ஒருநாள் ஒருவர் தமிழிலேயே கேட்டார்: "தம்பி, மாடில ஒரு ரூம் இருக்கு. அதோட நிழலை எப்படிக் கழிக்கிறது?"

இதற்கு நாங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று திரையில் தயாராக இருக்கும்: நிழல் தரும் பொருளை அகற்ற முடியுமா? பதிலுக்கு இரண்டு கட்டங்கள்: முடியும், முடியாது.

"ரெண்டுமில்ல தம்பி" என்றார். மூன்றாவது கட்டம் என் திரையில் இல்லை. அவர் போனை வைத்துவிட்டார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கற்பனை. அவரை நான் பார்த்ததில்லை. தையல்காரர் என்றதுகூட நான் கொடுத்த வேலைதான். அளவெடுக்கத் தெரிந்த ஆளாக இருந்தால் கதைக்கு நல்லது என்று நினைத்தேன்.

2

தொடக்கங்கள்.

"தையல்காரருக்கும் சூரியனுக்கும் எந்தத் தகராறும்..." வேண்டாம். இருந்தது.

"மகன் செத்துப்போன பிறகு அந்த வீட்டில்..." இப்படித் தொடங்கினால் நீங்கள் வாசலில் நின்று துக்கம் விசாரித்துவிட்டுக் கிளம்பிவிடுவீர்கள். பேனலைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டீர்கள். இது பேனலைப் பற்றிய கதை.

"கறுப்பு பேனலா, கண்ணாடி பேனலா என்று தையல்காரர் மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தார்." இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

கறுப்பு பேனலா, கண்ணாடி பேனலா என்று தையல்காரர் மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தார். வீட்டின் முன்னறைதான் கடை. மெஷின் எல்லாம் மோட்டாரில் ஓடுவது. கரண்ட் போனால் ஓடிக்கொண்டிருக்கிற தையல் பாதியில் நிற்கும், வந்ததும் சரியாக அதே இடத்தில் தையல் கோணும். அதனால் சோலார். இது வெளியே சொல்லிக்கொண்ட காரணம். பொய்யான காரணமுமில்லை.

இரண்டையும் அவர் துணியைத் தடவிப் பார்ப்பதுபோலப் பார்த்து வைத்திருந்தார். கறுப்பு பேனல் விலை கூடுதல். ஆனால் குறைந்த இடத்தில் அதிக மின்சாரம் தரும், கோடையில் மற்றவை சோரும்போதும் அவ்வளவாகச் சோராது. நாற்பது வருட உத்தரவாதம். கண்ணாடி பேனலுக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி. மேலே விழும் வெயிலோடு தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தையும் அடிப்பக்கத்தால் வாங்கிக்கொள்ளும். விலை குறைவு. ஆனால் எண்ணிக்கையில் அதிகம் வேண்டும், தரை முழுக்கத் திறந்து கிடக்க வேண்டும்.

"ஒரு சட்டைத்துணி எடுக்க வந்தவன் இவ்வளவு நேரம் நின்னா நீங்களே கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளிடுவீங்க மாமா" என்றான் மனைவியின் தம்பி. அவன் வீட்டில் ஏற்கெனவே சோலார் உண்டு. அதைப் பற்றி அவனிடம் கேட்க வேண்டியதில்லை, தானே சொல்வான்.

"உன்ன மாதிரி மொத கடையிலயே தலையாட்டிட்டு வரச் சொல்றியா மாப்ள?"

"நாப்பது வருஷம் கேரண்டியாம். அதுக்குக் குடுக்கறாங்க. நமக்கு யாரு குடுக்கறா?"

வேடிக்கையாகத்தான் சொன்னான். சொன்ன பிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தான். நாற்பது வருடம் கழித்து இந்த வீட்டில் விளக்கைப் போட யார் இருப்பார்கள் என்ற கணக்கு அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

3

[இந்தத் தம்பியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதைத் தவிர அவனுக்கு வேலையில்லை. ஆனால் அவனை எடுத்தால் மாடியில் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். அந்தத் தம்பதி அப்படிப்பட்டவர்கள். ஆகவே இருக்கட்டும்.]

மாடியில் அந்த அறை மகனுக்காகக் கட்டியது. அவன் இரவு வேலைக்குப் போனவன், பகலில் தூங்க வேண்டும். கீழே மெஷின் சத்தம். ஆகவே மேலே ஒரு அறை. ஜன்னல் கண்ணாடி முழுவதும் கறுப்புக் காகிதம் ஒட்டினான். கதவிடுக்கில் துணியைச் சுருட்டி அடைத்தான். வெயில் ஒரு சொட்டு உள்ளே வரக் கூடாது என்பதற்காகவே எழுப்பிய நான்கு சுவர்.

விடியற்காலையில் வேலை முடிந்து திரும்பும்போது வண்டியிலேயே கண்ணயர்ந்தான். எதிரே லாரி நின்றிருந்தது.

[நானும் அப்படிக் கண்ணயர்ந்து ஓட்டியிருக்கிறேன். எனக்கு எதிரே லாரி நிற்கவில்லை. பிறகு வேலையை விட்டுவிட்டேன். எனக்கும் அவனுக்கும் வேறு வித்தியாசம் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.]

அதற்குப் பிறகு மனைவி தினமும் மேலே ஏறுவாள். பூட்டைத் திறந்து பெருக்குவாள். பெருக்கி முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? அதைவிட அதிக நேரம் உள்ளே இருப்பாள். கீழே மிதியை அழுத்திக்கொண்டிருக்கும் தையல்காரர் மேலே நாற்காலி நகரும் சத்தத்துக்காகக் காதை வைத்திருப்பார். அது நகர்ந்தால்தான் அவள் எழுந்துவிட்டாள் என்று அர்த்தம். அவர் ஒருநாள்கூட அந்த அறைக்குள் போனதில்லை. அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கும் போகவில்லை.

அந்த அறை போய்விட வேண்டும் என்று அவர் விரும்பினார். மனைவியிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. இந்தக் கதை நிற்பது இதன் மேல்தான். மீதி எல்லாம் பேனல்.

4

இப்போது மாடி. முற்பகல் வெயில். தரையில் கோடுகள். துணியில் அளவு போடுகிற சாக்பீஸால் தையல்காரர் அறையின் நிழலை வரைந்து வைத்திருந்தார். காலைக்கு நீலம், நண்பகலுக்கு வெள்ளை, சாயங்காலத்துக்கு சிவப்பு. ஒவ்வொரு கோட்டின் மேலும் மணி எழுதியிருந்தது. நல்ல கை. வளைவே இல்லை.

அளவெடுக்க வந்த ஆள் சுற்றி நடந்து பார்த்தார். பிறகு சொன்னார்:

"சார், இதுல ஒரு விஷயம் இருக்கு. பேனலை வரிசையாக் கோர்த்துத்தான் மாட்டுவோம். ஒண்ணு மேல நிழல் விழுந்தா அது மட்டும் சோராது. அந்த வரிசையே சோர்ந்துடும்."

"ஒரு வீட்ல ஒருத்தர் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்ட மாதிரி" என்றான் தம்பி.

(இதை உவமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வந்தவர் உவமை சொல்ல வரவில்லை, மின்சாரம் உண்மையிலேயே அப்படித்தான் ஓடுகிறது. தம்பி சொன்னதற்கு நான் பொறுப்பில்லை.)

"இந்தக் கோட்டுப்படி பாத்தா மிச்ச இடத்துல எதுவும் சரியா உக்காராது" என்றார் அந்த ஆள். "கறுப்பும் பத்தாது. கண்ணாடி சுத்தமா முடியாது. ரூமை எடுத்துட்டா..."

தையல்காரர் காத்திருந்தது இதற்குத்தான். இத்தனை மாத ஒப்பீடும், மூன்று நிறச் சாக்பீஸும் இந்தப் பாதி வாக்கியத்துக்காகத்தான். வெளியாள் சொல்ல வேண்டும். தான் சொன்னதாக இருக்கக் கூடாது. அவர் துணிக்கொடிப் பக்கம் பார்த்தார். மனைவி ஒரு போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு நின்றிருந்தது.

ஆனால் அந்த ஆளுக்கு விற்றாக வேண்டும். வாடிக்கையாளர் போட்ட கோட்டை நம்பி வியாபாரத்தை விட அவருக்கு மனமில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"சார், இப்ப மணி பத்து. பத்துன்னு எழுதியிருக்கற கோடு இங்க இருக்கு. நிழல் கோட்டத் தொடாம அங்கயே நின்னுடுச்சே. இது எப்பப் போட்டது?"

"போன வாரம்."

"ஒரு வாரத்துல இவ்வளவு நகராது."

தம்பி குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "மாமா, நிழலுக்குமா தையலுக்கு விடுவீங்க? பின்னாடி பெருசானா பிரிச்சு விட்டுக்கலாம்னா?"

எல்லோரும் சிரித்துக் கலைந்துபோக நல்ல வாய்ப்பு. கைப்பழக்கம் என்று சொல்லிவிடலாம். தையல்காரரும் சிரிக்க ஆரம்பித்தார்.

மனைவி போர்வையைக் கொடியிலேயே விட்டுவிட்டு வந்தாள். கோட்டுக்கும் நிழலுக்கும் நடுவில் கையை விரித்து வைத்தாள்.

"தையலுக்கு ரெண்டு விரல்தான் விடுவார்" என்றாள். "இது ஒரு சாண்."

5

அந்த ஆள் தானே டேப் பிடித்து அளந்தார். மற்ற மாதங்களில் நிழல் நீளும், அதையும் சேர்த்துப் பார்த்தார். சேர்த்தாலும் கறுப்பு பேனலுக்கு இடம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு சின்னப் பெட்டி வைத்துவிட்டால் தனித்தனியாக வேலை பார்க்கும், ஒன்றின் நிழல் இன்னொன்றை இழுக்காது என்றார்.

"அப்போ முடிவு உங்க கைல சார். ரூம் இருக்கணும்னா கறுப்பு. ரூம் வேணாம்னா கண்ணாடி, விலையும் குறையும். ரெண்டுமே நல்ல சரக்கு. எதுன்னு சொல்லுங்க."

இவ்வளவு தெளிவாக யாரும் அந்த வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டவருக்கு என்ன கேட்கிறோம் என்பது தெரியாது.

"ரூம் போகணும்னா, போகணும்னு என்கிட்ட சொல்லுங்க" என்றாள் மனைவி. குரல் உயரவில்லை. "நான் ஒத்துக்கறேன், ஒத்துக்கல, அது அப்புறம். வெயில் மேல ஏன் பழியப் போடறீங்க?"

தையல்காரர் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்துக்கொண்டு பேசினார். "தினம் மேல ஏறுற. இறங்கி வர்றது நீயா இல்ல. கொஞ்சம் கொஞ்சமா இங்கயே விட்டுட்டு வர்ற. எனக்குன்னு கீழ எவ்வளவு மிச்சம் இருக்குன்னு நான் பாக்க வேணாமா?"

"நீங்களும் ஒருநாள் ஏறியிருந்தா ரெண்டு பேருமா இறங்கியிருக்கலாம்."

தம்பி தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் அதன் மூடியைத் தட்டிப் பார்த்தான். அளவெடுக்க வந்த ஆள் டேப்பை உள்ளே விட்டார், மறுபடி இழுத்தார்.

6

முடிவுகள். மூன்று எழுதினேன்.

கறுப்பு. அறை நிற்கிறது, பக்கத்தில் பேனல்கள் மினுங்குகின்றன. கடையில் தையல் கோணுவதில்லை. மனைவி ஏறுகிறாள், இறங்குகிறாள். தையல்காரர் நாற்காலிச் சத்தத்துக்குக் காதை வைத்திருக்கிறார். எதுவும் மாறாமல் மின்சாரம் மட்டும் வருகிறது.

கண்ணாடி. அறையை இடித்துவிடுகிறார்கள். தரைக்கு வெள்ளையடிக்கிறார்கள், பேனலின் மேலும் கீழுமாக வெளிச்சம் விழுகிறது. மனைவி மாடிக்கு வருவதே இல்லை. கீழேயே இருக்கிறாள். அவர் கேட்டபடிதான். ஆனால் கீழே இருக்கிறாள் என்பதைத் தவிர அவளைப் பற்றி எழுத எனக்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

மூன்றாவதில் எந்தப் பேனலும் வாங்காமல் அவர் ஒரு எண்ணுக்குப் போன் செய்து, முன்பின் தெரியாத ஒருவனிடம் நிழலை எப்படிக் கழிப்பது என்று கேட்கிறார். அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அந்த முனையில் இருந்தவனுக்கு இரண்டு கட்டங்களுக்கு மேல் தெரியாது. இப்போதும் தெரியாது.

மூன்றும் வேண்டாம். மாடியில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மனைவி சாவியை எடுத்து நீட்டினாள். "மொதல்ல உள்ள போய்ப் பாருங்க. அப்புறம் அளவெடுக்க வந்தவருக்கு எதுன்னு சொல்லுங்க."

"இப்பவா?"

"அவரு வெயில்ல நிக்கறாரு பாருங்க."

தையல்காரர் சாவியை வாங்கினார். சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டார். தன் கோடுகளையே மிதித்துக்கொண்டு, நீலம், வெள்ளை எல்லாம் செருப்பில் அப்ப, நடந்தார். பூட்டு தினமும் திறக்கிற பூட்டு, சட்டென்று திறந்தது. அது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. துருப்பிடித்திருக்கும் என்று நினைத்து வந்தார்.

இந்தக் கதை முழுவதும் நான் அவர் தோளுக்குப் பின்னாலேயே வந்திருக்கிறேன். அவர் நினைத்ததையெல்லாம் எழுதியிருக்கிறேன். ஆகவே உள்ளேயும் போகலாம் என்று பார்த்தேன். உள்ளே கட்டில் இருக்கும். உள்ளே அந்த நாற்காலி, அதன் மேல்... உள்ளே கறுப்புக் காகிதத்தில் எங்கோ ஒரு கிழிசல், அதன் வழியாக... இல்லை. எனக்குத் தெரியாது. அப்படி ஒரு அறையில் நானும் பகல் முழுக்கத் தூங்கியிருக்கிறேன். தூங்கி எழுந்தவனாக அதைத் தெரியும். தேடி வந்த அப்பாவாகத் தெரியாது.

ஆகவே நான் வெளியே இருக்கிறேன். மனைவி கொடியருகே திரும்பிப் போய்ப் போர்வையை எடுத்திருக்கிறாள், மடிக்கவில்லை. தம்பி இன்னும் தொட்டி மூடியைத் தட்டிக்கொண்டிருக்கிறான். அளவெடுக்க வந்தவர் பொறுமையான ஆள், ஆனாலும் அவருக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். கறுப்பா, கண்ணாடியா? நான் சொல்லமாட்டேன். நிழலை நேரில் அளந்தவள் அங்கே நிற்கிறாள், அவளைப் பார்த்துக்கொண்டு நீங்கள் சொல்லுங்கள்.

தையல்காரர் வாசற்படியைத் தாண்டினார். வெயில் அவரோடு ஒரு அடி உள்ளே போனது. அவர் திரும்பிப் பார்க்காமல் கதவைச் சாத்தினார். பிறகு உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.