கரைவலைக்கு வந்த முடுக்குத் தாளம்

மண்கும்பான் கடலில் சில்வெஸ்ரரின் கரைவலையை அறியாத மீன் கிடையாது. அதைக் கண்டால் பாரை மீன்கள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும் என்பார் அவர். நம்ப வேண்டியதுதான். மறுத்துச் சொல்ல எந்த மீனும் உயிரோடு மிஞ்சவில்லை.

இப்போது வலை இருந்தது, இழுக்கத்தான் ஆள் இல்லை. கரைவலை பொல்லாத சாமான். வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் இரண்டு பக்கமும் நின்று ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். முப்பது பேராவது தேவை. மெசின் வைத்து இழுக்க மீனவர் சங்கம் விடாது. வலைக்குச் சொந்தக்காரச் சம்மாட்டியான சில்வெஸ்ரரிடம் மிஞ்சியிருந்தது ஒன்பது பேர். மற்றவர்கள் பிரான்சிலும் கனடாவிலும் பனி வழித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒன்பதிலும் ஒருவருக்கு முழங்கால் இல்லை. அதாவது இருந்தது, வேலைக்கு வராது.

ஆகவே வலையைக் கரம்பொன் தம்பையாவுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். தம்பையா மிளகாய்த் தோட்டக்காரர். மாடு நுழையாமல் தோட்டத்தைச் சுற்றிக் கட்ட அவருக்கு வலை வேண்டுமாம். நாற்பது வருடம் கடலை வழித்த வலை மாட்டுக்கு வேலி! அன்று தொட்டு சில்வெஸ்ரர் ஒரு பருக்கை உண்ணவில்லை. மனைவி மேரிஜோசப்பினைக் கேட்டால் வேளைக்கு மூன்று கோப்பை சோறு என்பாள். ஆனால் சந்தோஷமாக உண்ணவில்லை என்பதை அவளும் ஒத்துக்கொள்வாள்.

ஞாயிறு வலை போடும் வழக்கம் கடற்கரையில் இல்லை. எனவே சனிக்கிழமை காலை கடைசித் தடவையாக வலையை விட்டார்கள். மதியம் தம்பையா வந்து ஏற்றிப்போவதாக ஏற்பாடு.

ஒன்பது பேரும் இழுத்தார்கள். வலை அசையவில்லை. மேரிஜோசப்பினும் வந்து கயிற்றைப் பிடித்தாள். அப்போதும் அசையவில்லை. நீரோட்டம் வேறு வலையைக் கல்லுப் பக்கமாகத் தள்ளத் தொடங்கியது.

"கல்லிலை சிக்கினால் கிழிஞ்சு நாறிப்போகும் அப்பா. பிறகு வேலிக்கும் உதவாது" என்று புருஷனிடம் சொன்னாள் மேரிஜோசப்பின்.

அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணி வாளியோடு ஓட்டோவில் வந்து இறங்கினான் மருமகன் லியோன். கொழும்பு முகத்துவாரத்து முடுக்கொன்றில் பிறந்து வளர்ந்து, மகள் நிமலினியைக் கட்டி இந்த மண்கும்பான் தீவுக்கரைக்கு வந்தவன். கையோடு கொண்டுவந்த சீதனம் அந்த ஓட்டோவும், அதன் கூரையில் கட்டிய இரண்டு பெரிய ஸ்பீக்கர் பொக்ஸும், அந்த முடுக்கின் இசையுமே. அதில் பாட்டென்று சொல்ல அதிகம் இல்லை. பிளாஸ்டிக் வாளியை யாரோ கோபத்தில் போட்டு அடிக்கும் சத்தம், மேலே கைபேசியில் செய்த ஒரு நாதஸ்வரம், அதற்கும் மேலே தண்ணீர்க் குழாயடியில் பாதி தமிழிலும் பாதி சிங்களத்திலும் சண்டை பிடிப்பது போல ஒரு கத்தல். ஆறு பேர் நிற்க இடமில்லாத ஒழுங்கையில் அறுபது பேர் ஆடுவதற்காகப் பிறந்த தாளம். கலியாணத்தன்று வீட்டில் போட்டபோது அலுமாரிக்குள் இருந்த பீங்கான்கள் எழுந்து ஆடின. இரண்டு குதித்து உயிரையும் விட்டன. அன்றோடு சில்வெஸ்ரர் அதற்குத் தடை போட்டிருந்தார்.

லியோன் வலையைப் பார்த்தான். சற்றுத் தள்ளி, யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று வான் வண்டியில் குளிக்க வந்திருந்த விளையாட்டுக் கழகக்காரரையும் பார்த்தான்.

"மாமா, பொக்ஸைப் போடட்டா? ஆள் வரும்."

"இது கடல். கானிவேல் இல்லை."

வலை இன்னும் இரண்டு பாக நீளம் கல்லை நோக்கிப் போனது.

"போட்டுத் துலையும்!" என்றார் சில்வெஸ்ரர்.

லியோன் போட்டான். முதல் அடியிலேயே நண்டுகள் திடுக்கிட்டு, படைத்த நாள் தொட்டு முதல் தடவையாக நேராக நடந்தன. நயினாதீவுக்குப் போன படகு அலை இல்லாமலே ஆடியதாகக் கேள்வி. கழகத்துப் பெடியளும் பெட்டையளும் ஆடிக்கொண்டே வந்தார்கள், பின்னால் சாப்பாட்டுப் பார்சலோடு தாய்மாரும் வந்தார்கள். லியோன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "ஆடுறவங்க சும்மா ஆடப்படாது, கயிறைப் பிடிச்சு ஆடணும்!" என்று கத்தினான். டம் என்றால் ஒரு கால் பின்னுக்கு. டமடம் என்றால் இரண்டு கால். கயிறு முறுகி, தண்ணீர் சொட்டி, வலை கல்லை விட்டு விலகிக் கரைப்பக்கம் வந்தது. சில்வெஸ்ரரின் மீசை ஓரம் சிரிப்பு எட்டிப்பார்த்தது. அவர் அதை உடனே உள்ளே அனுப்பினார்.

வலையின் நடுவில் பை போலத் தொங்கும் மடி நெஞ்சளவு தண்ணீருக்கு வந்துவிட்டது. உள்ளே மீன் கொதித்தது. அப்போதுதான் வாளிச் சத்தம் திடீரென்று நின்றது. முடுக்கில் தாளம் அப்படி ஒரு கணம் நிற்கும், எல்லோரும் இரண்டு கையையும் மேலே எறிவார்கள், திரும்ப இடிபோல விழும். லியோன் பழக்கதோசத்தில் கூவினான்:

"கையைத் தூக்கு!"

கயிற்றில் நின்ற நாற்பது பேரும் கையைத் தூக்கினார்கள். எண்பது கை ஆகாயத்தில். கயிறு மட்டும் மண்ணில்.

வலை வந்த வழியே ஓடியது. கையைத் தூக்காத ஒரே மனிதர் சில்வெஸ்ரர் ஆகையால் அவரும் கயிற்றோடு போனார். வயிற்றால் மண்ணை உழுது, இரண்டு அலையைத் தலையால் உடைத்து, கழுத்தளவு தண்ணீரில் நின்றார்.

லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் பெட்டியைப் பூட்டிக்கொண்டு அப்போதுதான் வந்து சேர்ந்த தம்பையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன சம்மாட்டியார், கடலுக்கை வெங்காயம் நடப்போறீரோ? உழவு நல்ல நேராய்க் கிடக்கு!"

சில்வெஸ்ரர் கரையேறினார். காதிலிருந்து பாசியை எடுத்தார்.

"நிப்பாட்டும் அதை!"

லியோன் நிறுத்தினான். ஓடிய கயிற்றை மறுபடி எட்டிப் பிடித்திருந்த கழகக்காரருக்குச் சத்தம் அடங்கியதும் சோற்றுப் பார்சல் ஞாபகம் வந்தது. ஒவ்வொருவராகக் கயிற்றை விட்டு விலகினார்கள். வலை மெல்ல மெல்ல மறுபடியும் கல்லுப் பக்கம் நகர்ந்தது.

"எனக்கு இனி ஏலாது அப்பா" என்று சொல்லிக்கொண்டே மேரிஜோசப்பின் கயிற்றை இடுப்போடு அணைத்தபடி மண்ணில் தொப்பென்று குந்தினாள். மேரிஜோசப்பின் குந்தினால் தீவு ஒரு அங்குலம் தாழும் என்பது ஊரறிந்த விஷயம்.

அந்தப் பக்கத்துக் கயிறு நின்றது. ஒரு விரல்கூட நகரவில்லை.

சில்வெஸ்ரர் கயிற்றைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு லான்ட்மாஸ்டரையும் பார்த்தார். அதன் பெட்டியில் முள்ளுக்கட்டைகள் அடுக்கியபடி இருந்தன. நாளைக்கே வேலி கட்டுகிற ஆயத்தம். அவர் போய் மறுபக்கத்துக் கயிற்றைப் பிடித்தார். அறுபத்து மூன்று வயது, ஊரில் ஒரு மதிப்பு, கோயில் சபையில் உபதலைவர் பதவி. எல்லாவற்றையும் ஒரு கணம் யோசித்தார்.

"தம்பி லியோன், திரும்பப் போடும். தாளம் நிக்கிற இடத்திலை கையைத் தூக்கச் சொல்லாதையும். குந்தச் சொல்லும். இப்பிடி!"

சொல்லிவிட்டுக் கயிற்றை வயிற்றோடு பிடித்துப் படாரென்று குந்திக்காட்டினார். இடுப்புச் சாரம் நனைந்திருந்ததால் ஒரு சத்தமும் வந்தது.

"ஐயோ, அங்கிளின்ரை ஸ்டெப்பைப் பாருங்கோ!" என்று ஒரு பெட்டை கத்தினாள். அவ்வளவுதான். சோற்றுப் பார்சல்கள் மண்ணில் கிடக்க, போன சனம் எல்லாம் பாய்ந்து வந்து கயிற்றைப் பிடித்தது. டம், டமடம், இழுவை. தாளம் நின்றது. "குந்து!" நாற்பது பின்புறம் மண்ணில். கயிறு கல்லாய் நின்றது. எழும்பு, டமடம், இழு. குந்து!

"வலது பக்கம் ஆள் காணாது!" என்று சில்வெஸ்ரர் அலறினார். "தம்பையா அண்ணை, சிரிச்சது போதும், வாரும்!"

"எனக்கு நாரிப்பிடிப்பு, சம்மாட்டியார்" என்று தம்பையா இடுப்பைப் பிடித்துக் காட்டினார்.

"குந்தினால் விட்டுப்போகும்!"

தம்பையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பிடித்தார். முதல் குந்தலில் "முருகா" என்றார். மூன்றாவதில் தோளையும் சேர்த்து ஆட்டினார். ஐந்தாவதில் தாளம் நிற்கும் முன்பே குந்தி, பக்கத்தில் நின்றவளிடம் "பிந்திப்போனீர் பிள்ளை" என்று குறை சொன்னார்.

மடி கரை ஏறியபோது அதற்குள் சூடை மீனும் கீரி மீனும் பாரையும் துள்ளிய துள்ளலில் வெயில் நாலு துண்டாய் உடைந்தது. எத்தனை கூடை என்று கேட்டால் அன்று நின்ற ஒவ்வொருவரும் ஒவ்வொரு எண் சொல்வார்கள். எல்லாம் சரிதான்.

சனம் மீனைப் பங்கிட்டு வான் வண்டிகளில் ஏற்றுகையில் கழகத் தலைவன் நிரோஜன் வந்து கேட்டான்:

"அங்கிள், வாற சனியும் வலை இருக்கோ? எங்கடை மற்றக் குழுவும் வரக் கேக்குது."

சில்வெஸ்ரர் தம்பையாவைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணை, சொன்ன சொல் தவறுறன். வலை தர ஏலாது."

தம்பையா நாரியைத் தடவிக்கொண்டு, "இனி ஆர் உம்மட்டை வலை கேட்டது? பத்து மணியோ, பதினொரு மணியோ? அதைச் சொல்லும்" என்றார்.

"எட்டு மணி. பிந்தினால் சேர்க்கமாட்டன்." சில்வெஸ்ரர் இடுப்பில் கையை ஊன்றி, வியர்த்து நின்ற கூட்டத்தை ஒரு சம்மாட்டியின் கண்ணால் அளந்தார். "இஞ்சை பாருங்கோ, இடது பக்கம் பரவாயில்லை. வலது பக்கம் ஆட்டம் படுமோசம். நல்லாக் குந்துற ஆக்களாய் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."