நிலாவின் குறுக்கே ஒரு நூல்

நிலாவின் குறுக்கே ஒரு கறுப்பு நூல் தொங்கியது. மோகன்குமார் கேமராவை இறக்கி, அதற்கென்றே வாங்கி வைத்திருந்த துணியால் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். நூல் அங்கேயே இருந்தது.

வெண்ணந்தூரில் முட்டை லாரி ஓட்டும் அவனுக்கு இந்தக் கிறுக்குப் பிடித்துச் சில மாதங்கள்தான் ஆகின்றன. சேலத்தில் பழைய கேமரா ஒன்றை வாங்கியிருந்தான். முதலில் எடுத்த நிலாவெல்லாம் எரிகிற பல்பு மாதிரி வெறும் வெள்ளையாக வந்தன. நாம் இருட்டில் நின்றாலும் நிலா வெயிலில் கிடக்கிற பாறைதான், வெளிச்சத்தைக் குறைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று செல்போனில் வீடியோ பார்த்துப் புரிந்துகொண்டான். போன பௌர்ணமிக்குத்தான் முதன்முதலாகப் பள்ளங்கள் தெரிந்தன. அந்தப் படத்தை லோடு இறக்குகிற இடத்திலெல்லாம் காட்டினான்.

இன்று பொழுது சாய்ந்ததுமே மாடிக்கு வந்துவிட்டான். காய்ந்த துணி எடுக்க வந்த மனைவி அனிதாவிடம் கேமராவை நீட்டி, ஏதாவது கோடு தெரிகிறதா என்று கேட்டான். அவள் நிதானமாகப் பார்த்தாள்.

“கோடெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பளிச்சுனு இருக்குது.”

வாங்கி இடது கண்ணால் பார்த்தான். பளிச்சென்றுதான் இருந்தது. வலது கண்ணுக்கு மாற்றினான். நூல் அசைந்து, தண்ணீரில் விட்ட மை போலக் கலைந்தது. கேமராவை விலக்கி வெறும் வானத்தைப் பார்த்தான். அங்கேயும் இருந்தது. சர்க்கரை இருக்கிறது, கண்ணைக் காட்டு என்று டாக்டர் சொன்னதைத் தள்ளிப்போட்டே வந்திருந்தான். போன வாரம் தொப்பூர் இறக்கத்தில் எதிர்வண்டி வெளிச்சம் சிதறியபோது, முன்கண்ணாடியில் அழுக்கு என்றுதான் நினைத்தான். பக்கத்தில் ஒரு பஸ், ஆள் நிறைய வந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. லாரி ஓனர் பாலசுந்தரம். விடிந்தால் பெங்களூர் லோடு. கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டால் ஸ்டியரிங் கைவிட்டுப் போய்விடும். அதைத் தவிர அவனுக்கு வேறொரு தொழில் தெரியாது. கையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

“எனக்கு மட்டுந்தான் தெரியுது, அனிதா.”

அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. பிறகு போனை எடுக்கச் சொன்னாள். எடுத்தான்.

“நாளைக்கு வரலீங்க. கண்ணக் காட்டோணும்.”

வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மட்டும் சொல்லி ஓனர் வைத்துவிட்டார்.

தினமும் தடதடவென இறங்குகிற மாடிப்படிதான். மோகன்குமார் ஒரு கையைச் சுவரில் ஊன்றி, அடுத்த படியைக் காலால் துழாவினான். முன்னால் துணிகளோடு இறங்கிய அனிதா, திரும்பிப் பார்க்காமல், ஒரு கையைப் பின்னால் நீட்டிக்கொண்டே போனாள்.