சேற்றில் நின்ற கொக்கு

என் வீட்டுக்காரர் சுருளியாண்டி தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளத்தில் மோட்டார் மெக்கானிக். பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனவர். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லியே ஆனி பிறந்துவிட்டது. ஆள் வரவில்லை; கொக்குப் படம் மட்டும் போனில் தவறாமல் வந்தது.

கல்யாணமான புதிதில் எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்த பைத்தியம் இது. அவர் படம் அனுப்புவார், நான் இன்ன கொக்கு என்று சொல்ல வேண்டும். எங்கள் உத்தமபாளையத்து வயல்களில் சின்னக் கொக்கு உண்டு. கால் கறுப்பு, விரல் மட்டும் மஞ்சள். கடலோரத்தில் கரைக்கொக்கு. அது பெரும்பாலும் கருஞ்சாம்பல். சிலது வெள்ளையாகவே இருந்து ஆளை ஏமாற்றும். அலகு தடித்து மங்கலாக இருக்கும், மஞ்சள் விரலோடு நிற்காமல் காலிலும் ஏறியிருக்கும். கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றார், காட்டவில்லை. எனக்குக் கொக்கா முக்கியம்? அவர் பக்கத்தில் நின்று காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

நேற்று லீவு கிடைக்கவில்லை என்றார். போனை வைத்துவிட்டேன். அழுதேன், அதை மறைப்பானேன்.

இன்று காலை மறுபடியும் படம். "என்ன கொக்குன்னு சொல்லு பாப்போம்" என்று கூடவே அவர் குரல். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன், மனசு கேட்கவில்லை. வெள்ளைக் கொக்கு. விரல் சேற்றுக்குள் இருந்தது. பெரிதாக்கி அலகைப் பார்த்தேன். கறுப்பு, மெலிசு.

"சின்னக் கொக்கு. காலை மறைச்சு எடுத்து ஏமாத்தப் பாக்குறீகளா?" என்று அனுப்பினேன். கோபத்தில் இன்னும் நாலு வார்த்தை சேர்த்தே அனுப்பினேன்.

"நல்லாப் பாரு" என்று பதில் வந்தது. மறுபடி அலகு, கழுத்து, பிடரி இறகு என்று துருவிக்கொண்டிருந்தேன்.

நாத்தனார் உமாதேவி காப்பியோடு வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வெள்ளையாக இருந்தால் எல்லாமே கொக்கு.

"ஏன் மதினி, பின்னால நீலக் கதவு தெரியுதே, அது நம்ம பம்புசெட்டுல்ல?"

அந்தக் கதவுக்குப் பெயின்ட் அடித்ததே நான்தான். அலகைப் பார்த்த கண்ணுக்கு அது தெரியவில்லை.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். நடவுக்கு உழுதுபோட்ட எங்கள் வயல் வரப்பில், தோளில் மாட்டிய பையோடு நின்றுகொண்டிருந்தார். இளைத்துப் போயிருந்தார். எத்தனை நாள் லீவு என்று கேட்கவே பயமாக இருந்தது.

"மெதுவா வா. கொக்கு பறந்துரும்" என்றார்.

"பறந்தாப் பறக்குது. நீங்க இங்கனயே நில்லுங்க."