கிண்ணத்தில் குறையாத ஆயில்

என் தங்கை புருஷனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பதினோரு வருஷமாக அதையேதான் வேலையாகச் செய்கிறார் என்பது வேறு விஷயம். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மழையில் நனைந்த பூனை மாதிரி ஒடுங்கி உட்காருவார். வீட்டில் நாற்காலி போட்டால்கூட அதன் முனையில்தான் உட்காருவார். வாயில்லாப் பூச்சி, பாவம் என்பார்கள். எனக்குப் பாவமாக இருந்ததில்லை, எரிச்சலாகத்தான் இருந்தது. அவரை இந்தப் பார்சல் கம்பெனியில் சேர்த்துவிட்டதும் நான்தான். இங்கே ஆறு வேன்கள், எனக்குக் கீழே இரண்டு மெக்கானிக்குகள், தலைமை மெக்கானிக் நான்.

மாப்ளே என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். தங்கை புருஷனுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையில் ஒரு குறையும் வைத்ததில்லை. அந்த மரியாதையைக் கொடுத்துக்கொண்டே ஒரு மனிதரை எவ்வளவு மட்டம் தட்டலாம் என்பது எனக்கு அத்துப்படி.

ஐந்து மாதத்துக்கு முன்பு அவர் வேனில் கியர் சரியாக விழவில்லை என்று வந்து நின்றார். கிளட்ச்சை இரண்டு தடவை மிதித்தால் விழுகிறது, ஒரு தடவை மிதித்தால் கரகரவென்று கத்துகிறது என்றார். ஷெட்டில் எல்லோரும் இருந்தார்கள்.

"ஒரு தடவை ஒழுங்கா மிதிச்சாலே விழும் மாப்ளே," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். அதுதான் எனக்குச் சகிக்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அவளாவது கூடத்தோடு சண்டை போட்டாள். இவருக்கு அந்த ரோஷமும் கிடையாது.

கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட்டை மாற்றி, எல்லாவற்றையும் பூட்டி, கிளட்ச் குழாயில் புது ஆயில் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை எடுத்து அனுப்பினேன். ரிப்போர்ட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'டிரைவரின் பழக்கம்' என்று எழுதினேன். மேனேஜர் அவருக்கு மெமோ கொடுத்தார். இரண்டு மாதத்தில் அதே கரகர. வேனை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு அதையே எழுதினேன், அடுத்த மெமோவும் வந்தது. மூன்றாவது ரிப்போர்ட்டிலும் இதே காரணம் வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று மேனேஜர் என்னிடமே சொன்னார். தங்கைக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. வேலை என்றால் வேலை, இதில் தங்கை என்ன தம்பி என்ன என்று எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டேன்.

என் வேலை சுத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலையில் வேன்கள் கிளம்பும் முன்பு, ஆறு வண்டிகளின் பானெட்டையும் திறந்து, கிளட்ச் ஆயில் இருக்கும் சின்னக் கிண்ணத்தைக் கோடு வரைக்கும் நானே நிரப்புவேன். இதை அந்த இரண்டு சோம்பேறிகளிடம் விட்டதில்லை. ஆறு மூடிகளையும் திறந்து பாட்டிலை ஒரு அழுத்து அழுத்திவிட்டு மூடிக்கொண்டே போவேன். எதில் எவ்வளவு இறங்கியது என்று பார்த்ததில்லை.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். இரண்டு திங்கட்கிழமைகள் வேலைக்கு வரவில்லை. திரும்பி வந்த அன்று மதியம், மாப்பிள்ளையின் வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். நாற்சந்தியில் சிக்னலுக்கு நின்ற வண்டி, பச்சை விழுந்தபோது கியர் விழாமல் அங்கேயே நின்றுவிட்டதாம். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்ட, இவர் தனியாக இறங்கித் தள்ளியிருக்கிறார். மேனேஜர் ரிப்போர்ட் தாளை என்னிடம் நீட்டி, நாலு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பெடலைக் கையால் அழுத்தினேன். பஞ்சு மாதிரி தரை வரை போய் அங்கேயே கிடந்தது. பானெட்டைத் திறந்தால் கிண்ணம் காலி. நான் இல்லாவிட்டால் ஒருத்தனும் ஆயில் ஊற்றமாட்டான் என்று அந்த இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே, மதியச் சாப்பாட்டுக்கு வந்து நின்ற மற்ற ஐந்து வேன்களையும் பார்த்தேன். ஐந்திலும் ஆயில் கோட்டில் அப்படியே நின்றது.

அப்போதுதான் உறைத்தது. கிளட்ச் ஆயில் செலவாகும் சாமான் இல்லை. மூடிய குழாய்க்குள் போய்வருவது, ஒழுகினால்தான் குறையும். நேற்று ஸ்பானர் பிடித்தவனுக்கும் இது தெரியும். இரண்டு தடவை மிதித்தால் கியர் விழுகிறது என்றால் கோளாறு பிளேட்டில் இல்லை, ஆயில் அழுத்தத்தில் என்பதும் தெரியும். அவர் முதல் நாளே அதைத்தான் சொன்னார்.

பெடலுக்கு மேலே, மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கம் விரலை விட்டேன். ஈரம். பெடலுக்குக் கீழே விரித்திருந்த ரப்பர் மிதியடியைத் தூக்கினேன். தரையில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உரிந்து கிடந்தது. அந்த ஆயில் பட்டால் பெயிண்ட் அப்படித்தான் உரியும், ஆனால் இவ்வளவு உரிய மாதங்கள் வேண்டும். முதல் தடவை வண்டி சரியானது என் புதுப் பிளேட்டால் அல்ல, புது ஆயில் ஊற்றிக் காற்றெடுத்ததால். அதற்குப் பிறகு ஒழுக்கு வெளியே தெரியாதபடி திங்கட்கிழமைதோறும் நிரப்பி மறைத்தது என் கைதான்.

நாலு மணிக்கு மேனேஜர் வந்தார். மாப்பிள்ளையும் கூடவே வந்து நின்றார். நான் பேனாவை எடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"தப்பு என்னோடதுதான் சார். மச்சான் எத்தனையோ தடவை சொல்லிட்டாரு. எனக்குத்தான் வரல."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஒரு வரி எழுதினால் போதும். எழுதத்தான் நினைத்தேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் இருபத்தாறு வருஷம் ஸ்பானர் பிடித்த கை, அந்தத் தரையைப் பார்த்த பிறகு அதை எழுத மறுத்தது. இதில் நல்ல மனசு என்று ஒன்றும் கிடையாது.

"மாஸ்டர் சிலிண்டர் லீக் சார். நாலு மாசமா லீக். இவரு ஓட்டினதுல ஒரு தப்பும் இல்ல. நான் பாக்கல," என்றேன்.

மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. நான் மாப்பிள்ளையைப் பார்ப்பது அப்படித்தான். இரண்டு மெமோவும் ரத்து என்றார். நாளை முதல் ஷெட்டை அந்த இரண்டு மெக்கானிக்குகளில் சின்னவர் பார்த்துக்கொள்வார், நீங்கள் அவருக்குக் கீழே என்றார்.

மேனேஜர் போனதும் மாப்பிள்ளை வெளியே போய் வீட்டுக்குப் போன் பேசிவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "எனக்காக உங்க பேரையே கெடுத்துக்கிட்டீங்களே மச்சான்," என்றார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் அவரை வேனுக்கு இழுத்துப் போனேன். மிதியடியைத் தூக்கிக் காட்டினேன். அவர் விரலைப் பிடித்து ஈரத்தில் வைத்தேன். காலிக் கிண்ணத்தைக் காட்டினேன், பக்கத்து வேனில் நிறைந்திருந்ததையும் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே தப்பு என்னுடையது என்று தொண்டை வலிக்கக் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்களாவது கிளட்ச் பாக்கத் தெரியாம விடறதாவது," என்றார். "என் ஓட்டு எனக்குத் தெரியாதா மச்சான். வீட்டுல சொல்லிட்டேன். எங்கண்ணன் தங்கம்னு அவ அழுதுட்டா."

அவரைத் திட்ட வேண்டும் போலிருந்தது. அதற்குப் பதிலாக, உங்களுக்கு நன்றாகவே ஓட்டத் தெரியும் மாப்ளே என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் அதைச் சொன்னேன். அவர் சிரித்தார். என்னைத் தேற்றுவது போல முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, அதையும் என் பெருந்தன்மைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.