ஆறாவதாக வந்த ஆராய்ச்சிக்காரி

இணையவழிக் கற்றல் என்றாலே ராமச்சந்திரன் சேருக்கு அலுப்பு. என் முதுகலை ஆய்வுக்கு அவர்தான் மேற்பார்வையாளர். "முதல்ல எல்லாரும் சிக்னல் இல்லன்னு எழுதினாங்க. பிறகு மனஅழுத்தம்னு எழுதினாங்க. இப்ப ஏஐக்குப் பின்னால ஓடுறாங்க. நீங்க புதுசா என்ன சொல்லப் போறீங்க சர்மிளா? வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. இல்லாட்டி தலைப்ப மாத்துங்க" என்றார். ஒரு வருடமாக வாசித்துத் தள்ளியதை எல்லாம் குப்பையில் போடுவதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே குருவிட்டையில் த்ரீவீலர் பிடித்து ஒரு ரப்பர் தோட்டத்துக்கு ஏறினேன்.

தொழிலாளர் லயத்தில் முதல் வீடு கிருஷ்ணகுமாரி அக்காவுடையது. ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். கொரோனா காலத்தில் அவர் மகன் கஜீபன் ஒன்பதாம் வகுப்பு. பாடமெல்லாம் அக்காவின் போனில்தான். நான் வாயைத் திறப்பதற்குள் பிளேன்டீயை நீட்டினார்.

"உங்களுக்கு எது வேணும் மிஸ்? சிக்னலா, மனஅழுத்தமா?"

"என்ன அக்கா கேக்குறீங்க?"

"உங்களுக்கு முன்ன அஞ்சு பேரு வந்தாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு வேணும். வெயில்ல ஏறி வந்த புள்ளைங்கள வெறுங்கையோட அனுப்ப முடியுமா? கேட்டத குடுத்துருவேன். சிக்னல் கேட்ட தம்பிக்கு மழையில பாறைமேல ஏறுனத சொன்னேன். மனஅழுத்தம் கேட்ட தங்கச்சிக்கு கொஞ்சம் அழுதும் காட்டுனேன்."

அந்தத் தங்கச்சியின் கட்டுரையை நான் மேற்கோள் காட்டியிருக்கிறேன்.

"எனக்கு அதெல்லாம் வேணாம் அக்கா. உண்மையில என்ன நடந்துச்சு, அத சொல்லுங்க" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் விட்டது.

அவர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அவன் எங்க மிஸ் படிச்சான்? மத்தியானம் சூம் தொடங்குனதும் கிரிக்கெட் பேட்ட தூக்கிட்டு ஓடிருவான். வரவு போடணுமேன்னு நான்தான் போனப் புடிச்சிட்டு உக்காந்தேன். கேமரா ஆஃப். டீச்சர் பேரக் கூப்பிட்டா 'இருக்கேன் மிஸ்'னு டைப் பண்ணுவேன். போகப் போக கணக்கு புடிச்சிப் போச்சு, விட மனசு வரல. ஸ்கூல் தொறந்த பெறகு அவனுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். அவன் ஓ.எல் பரீட்சையில பாஸ். இந்த வருசம் நான் எழுதுறேன்."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. இணையவழிக் கற்றல் வெற்றியா தோல்வியா என்று ஆளாளுக்கு அடித்துக்கொள்கிறார்கள்; போனுக்கு முன்னால் யார் இருந்தார் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

"இத நான் எழுதலாமா அக்கா? பயப்படாதீங்க, பேரு வராது. 'பங்கேற்பாளர் ஒன்று'ன்னுதான் போடுவோம்."

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப வேணாம் மிஸ்."

"ஏன்?"

"ரெண்டு வருசம் கஜீபன்ங்கிற பேருல உக்காந்திருந்தேன். கணக்குல முதலா வந்தப்பவும் டீச்சர் அவனத்தான் பாராட்டுனாங்க. என் பேர போட்டா எழுதுங்க. இல்லன்னா பாறைமேல ஏறுன கதைய எழுதிட்டுப் போங்க."

பெயர் போடக்கூடாது என்பது ஆய்வு விதி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிறதே! வாசலில் நின்றே சேருக்குப் போன் போட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சத்தமாகச் சிரித்தார். "இத விட்டுறாதீங்க. அவங்களே கேட்டா பேரு போடலாம். ஆய்வு நெறிமுறைக் குழுவோட நான் பேசுறேன், நீங்க எழுத்துல சம்மதம் வாங்குங்க."

படிவத்தை நீட்டினேன். அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். தமிழில் முழுப் பெயரையும் எழுதினார். அதற்குக் கீழே சிங்களத்தில் எழுதினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இங்கிலீசுலயும் எழுதவா மிஸ்? சூம்ல படிச்சதுதான்."