இடது பக்கம் இழுக்கும் ஆமை

நீச்சல் குளத்தின் அடியில் ஆமை வட்டமடித்துக்கொண்டிருந்தது. நிஜ ஆமை இல்லை. குளத்தின் தரையிலும் சுவரிலும் தானே ஊர்ந்து, தேய்த்து, குப்பையை உறிஞ்சிக்கொள்ளும் மிஷின். நான்கு வருஷமாகத் தன் பாட்டுக்கு வேலை பார்த்தது. இந்த வாரம் அதற்கு என்ன வந்ததோ, இடது பக்கமாகவே சுற்றிச் சுற்றி, நடுவில் ஒரு வட்டத்தை மட்டும் பளிச்சென்று துடைத்துவிட்டு மற்ற இடத்தையெல்லாம் அம்போவென்று விட்டுவிட்டது.

கரையில் இடுப்பில் கை வைத்து நின்றவனை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த நீச்சல் பள்ளியின் கோச் அவன் மனைவி. பம்பு, பைப்பு, மிஷின் எல்லாம் அவன் பொறுப்பு. பதினோரு வருஷமாகக் குளத்தோடு குடித்தனம் நடத்துகிறான். நீச்சல் மட்டும் தெரியாது. முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை.

பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துக்கொண்டு கிளம்பிய மனைவி வாசலில் நின்று சொன்னாள். "என்னங்க, அதோட மல்லுக்கட்டாதீங்க. மோட்டார் போச்சுன்னு கடைக்காரர் சொல்லிட்டார். நாலு மணிக்குப் புது மிஷினோட வர்றார்."

"ஃபோன்லயே சொல்லிட்டாரா? அவர் மெக்கானிக்கா, ஜோசியரா?"

"அம்மா நீச்சல் பழக வருவாங்க. கொஞ்சம் பார்த்துக்கங்க."

அதுதான் அவனுக்குச் சங்கடம். மாமியார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டத்தில் டிக்கெட் எடுக்காதவனை முதுகைப் பார்த்தே கண்டுபிடிப்பவர். மாப்பிள்ளைக்கும் அவருக்கும் இத்தனை வருஷத்தில் நடந்த பேச்சு "சாப்பிட்டீங்களா அத்தை", "ஆச்சு மாப்பிள்ளை" என்பதைத் தாண்டியதில்லை. அறுபத்தொரு வயதில் மகளிடமே நீச்சல் கற்று, மூன்று மாதமாகக் குளத்தைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

வந்தவர் பையை வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் உற்றுப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, அது இடது காலை இழுத்து நடக்குது. போன வருஷம் என் முட்டி இப்படித்தான் இருந்துச்சு."

ஸ்பேனர் பிளக்கைப் பிடுங்கி, ஒயரைப் பிடித்து மெதுவாக இழுத்து மிஷினைக் கரையேற்றினான். பெஞ்சில் கவிழ்த்துப் போட்டு, இரண்டு பக்கச் சக்கரத்திலும் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தான். தண்ணீர் இல்லாமல் அதிக நேரம் ஓட்டக்கூடாது என்பதால் சில விநாடிகள் மட்டும் ஓட்டினான். இரண்டு கோடும் ஒரே வேகத்தில் சுற்றின.

"ரெண்டும் ஒண்ணாத்தானே சுத்துது?" என்றார் மாமியார்.

"சும்மா சுத்தறது பெருசு இல்ல அத்தை. பாரம் ஏறும்போது என்ன பண்ணுதுன்னு பார்க்கணும்." கெட்டிக் கையுறையை மாட்டிக்கொண்டு மறுபடி ஓட்டி, வலது பக்கச் சக்கரத்தைச் சுற்றிய ரப்பர் பட்டையில் உள்ளங்கையை அழுத்தினான். கையைத் தள்ளிக்கொண்டு ஓடியது. இடது பக்கம் அழுத்தினான். பட்டை நின்றுவிட்டது, உள்ளே மோட்டார் மட்டும் ஓட, 'கடகட'வென்று சத்தம்.

"மோட்டார் கல்லு மாதிரி இருக்கு! நடுவுல ஏதோ வழுக்குது."

பக்க மூடியைக் கழற்றியதும் குட்டு வெளிப்பட்டது. மோட்டாரின் வேகத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பல் வைத்த பெல்ட்டில், பாதிப் பல் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தது. பழைய உதிரிகள் கிடந்த டப்பாவிலிருந்து புது பெல்ட்டை எடுத்து மாட்டினான். மூடியை முடுக்கித் தண்ணீரில் இறக்கினான். ஆமை நேராகப் போய்ச் சுவரேறித் திரும்பியது.

ஸ்பேனருக்குத் தலைகால் புரியவில்லை. மாமியார் எதிரில் மார்பை நிமிர்த்தி, மாப்பிள்ளை முறுக்கோடு ஒரு டீ குடித்தான். கோப்பையைக் கீழே வைப்பதற்குள் ஆமை மறுபடியும் வட்டம் போட ஆரம்பித்தது.

அவன் முகம் தொங்கிப்போனது. மாமியார் சிரிக்கவில்லை. "எனக்கும் முட்டிக்குத் தைலம் தேய்ச்சாங்க. பத்து நாள் நல்லா இருந்துச்சு. கடைசியில கோளாறு இடுப்புல இருந்துச்சு" என்றார்.

ஸ்பேனர் நிமிர்ந்து பார்த்தான். மறுபடி மிஷினைத் தூக்கி வந்தான். பெல்ட்டைத் தொடாமல், இடது சக்கரத்தை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினான். விழப்போகும் பால்பல்போல அசைந்தது. சக்கரத்தைக் கழற்றினால், அச்சில் முடி கற்றை கற்றையாகச் சுற்றிக் கிடந்தது. மணல் புகுந்து, சக்கரத்தை ஆடாமல் சுழலவைக்கும் பேரிங் வளையம் தேய்ந்திருந்தது. சக்கரம் சாய, பெல்ட் கோணலாக உரச, பல் தேய்ந்திருக்கிறது.

"பெல்ட் மேல தப்பே இல்ல அத்தை. பாவம், அதைச் சாகடிச்சதே இதுதான்."

சைக்கிளை மிதித்துத் தெருக்கோடி பேரிங் கடைக்குப் போனான். அந்த அளவில், துருப்பிடிக்காத ரகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பொக்கிஷம்போலச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தான். முடியையெல்லாம் பிளேடால் அறுத்தெடுத்து, அச்சைத் துடைத்து, பேரிங்கை எடுத்தான். ஈரக்கை. நழுவியது. தரையில் நட்டமாக நின்று, ஜாலியாக உருண்டு, குளத்தின் ஆழமான பக்கத்தில் 'ப்ளக்'.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஆளுயரத் தண்ணீருக்கடியில் ஒரு புள்ளி மினுங்கியது.

"எடுத்துட்டு வாங்க மாப்பிள்ளை."

"அத்தை..." ஸ்பேனர் காதைச் சொறிந்தான். "எனக்கு நீச்சல் வராது."

மாமியார் சட்டென்று நிமிர்ந்தார். "பதினோரு வருஷமாவா? என் பொண்ணு சொல்லவே இல்லையே!"

"நான்தான் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தேன்."

மாமியார் சிரித்த சிரிப்பில் சுவரோரம் கிடந்த வாளி அதிர்ந்தது. நீச்சல் கண்ணாடியை மாட்டி, மூச்சை இழுத்து, உள்ளே போனார். முதல் முறை ஒரு பாட்டில் மூடியோடு வந்தார். இரண்டாவது முறை ஒற்றைத் தோடு. மூன்றாவது முறை நேரம் கொஞ்சம் நீண்டுவிட, ஸ்பேனர் தன்னையறியாமல் செருப்போடு படியில் இறங்கி, கம்பியைப் பிடித்தபடி மார்பளவு தண்ணீரில் நின்றான். மாமியார் பேரிங்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, என்னைக் காப்பாத்த வந்தீங்களா?"

"வந்துட்டேன் அத்தை. அதுக்கு மேல என்ன பண்றதுன்னுதான் தெரியல."

நாலு மணிக்கு மனைவியும் கடைக்காரரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். இன்னும் ஈரம் காயாமல் நின்ற புருஷனையும் அம்மாவையும் மனைவி மாறி மாறிப் பார்த்தாள். ஆமை மூலை முடுக்கெல்லாம் தேய்த்து முடித்து, கடைசிச் சுவரில் நேராக ஏறிக்கொண்டிருந்தது. அரை மணி நேரமாக ஒரு வட்டம் கூடப் போடவில்லை.

கடைக்காரர் கொண்டுவந்த அட்டைப்பெட்டியை மெல்லக் கீழே வைத்தார். "உண்மையைச் சொல்லணும்னா சார், எனக்கு விக்கத்தான் தெரியும். இன்னொரு குளத்துல ஒண்ணு வலது பக்கமாச் சுத்துது. அதுக்கும் மோட்டார்னு சொல்லி வச்சிருக்கேன். ஒரு நடை வந்து பார்க்கறீங்களா?"

ஸ்பேனர் பதில் சொல்வதற்குள் மாமியார் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"பார்க்கலாம். அங்க ஆழம் எவ்வளவு?"