போறணைக்கு முன்னால் பத்து நிமிடம்

சுவிஸ் நாட்டின் பாடன் நகரில் ஆற்றங்கரையோரமாக இருந்த ஓர் உணவகத்தில் தம்பித்துரை இரண்டு வருடமாகக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு வயது. தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பவர். அவர் ஒரு காலத்தில் பெரிய சமையல்காரராக இருந்தவர் என்பது அவரோடு ஒரே அறையில் குடியிருந்த குலேந்திரனுக்கு மட்டும்தான் தெரியும். காய்ச்சலில் கிடந்த ஒருநாள் அவரே வாய்தவறிச் சொல்லிவிட்டார். நுவரெலியாவில், வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய பழைய ஹோட்டலில் பதினெட்டு வருடம். காய்ச்சல் விட்டதும், "உதை ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்றார். ஏனென்று குலேந்திரன் கேட்கவில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு ஐப்பசி மாதம். பக்கத்துத் தொழிற்சாலையில் வேலைபார்த்த இங்கிலாந்துக்கார எஞ்சினியர் ஒருவர் ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்புகிறார் என்று இருபது பேருக்கு ஞாயிறு மத்தியானச் சாப்பாடு கேட்டிருந்தார்கள். வாட்டிய மாட்டிறைச்சி, அதோடு யோர்க்ஷயர் புடிங். புடிங் என்று பெயரே தவிர இனிப்புக் கிடையாது. முட்டை, பால், கோதுமை மா மூன்றையும் கரைத்து, கொதிக்கும் கொழுப்பில் ஊற்றிப் போறணை அடுப்புக்குள் வேக விட்டால் பொங்கி எழும்பி நடுவில் குழிவிழும். அந்தக் குழிக்குள் இறைச்சிக் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவார்கள். தலைமைச் சமையல்காரர் கெல்லர் புத்தகத்தைப் பார்த்துச் சனிக்கிழமை இரண்டு தரம் செய்து பார்த்தார். இரண்டு தரமும் செருப்பின் அடிப்பாகம் மாதிரித் தட்டையாக வந்தது. மனிதர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அதே குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டு நின்ற குலேந்திரனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தம்பித்துரையின் பழைய கதையைச் சொல்லிவிட்டான்.

கெல்லர் கோப்பை கழுவும் தொட்டியடிக்கு வந்து, "உண்மையா?" என்று கேட்டார். தம்பித்துரைக்கு அவ்வளவு ஜெர்மன் விளங்கும். இல்லையென்று சொல்லியிருக்கலாம். ஆனால் போன மாரியில் தன் சொந்தக் கோட்டைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்ட மனிதர் கெல்லர். தம்பித்துரை கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

ஞாயிறு காலை மாவைக் கரைத்து இரண்டு மணித்தியாலம் ஊற வைத்தார். அச்சுத் தட்டுகளில் கொழுப்பை விட்டுப் புகை வரும்வரை காயவைத்தார். மா விழுந்ததும் சீறியது. தட்டுகளை உள்ளே தள்ளிப் போறணைக் கதவை மூடினார். மூடியபின் அந்தக் கதவடியை விட்டு அசையவில்லை. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

இருபத்தைந்து நிமிடத்தில் எல்லாம் பொன்னிறத்தில் எழும்பி நின்றன. ஓய்வுபெறும் எஞ்சினியர் குசினிக்குள்ளேயே வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் தாய் செய்ததைப் போலவே இருந்ததாம். சொல்லும்போது கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பித்துரை தலையை ஆட்டிவிட்டுத் தொட்டியடிக்குத் திரும்பிப் போனார். அன்று முழுக்க அவர் ஒன்றும் சாப்பிடவில்லை.

கெல்லருக்கோ சந்தோசம் தாங்கவில்லை. தம்பித்துரையின் அகதி விண்ணப்பம் இன்னும் முடிவாகாமல் கிடந்த அரசாங்கக் கந்தோருக்குத் தானே ஒரு கடிதம் எழுதினார். 'இந்த மனிதர் பதினெட்டு வருடம் ஆங்கிலேய ஹோட்டலில் சமைத்தவர், எங்களுக்கு இப்படிப்பட்ட ஆள் தேவை, இவரை இங்கே இருக்க விடுங்கள்' என்று. தம்பித்துரைக்கு அதைப் பற்றி மூச்சும் விடவில்லை. நல்ல செய்தியோடு சேர்த்துச் சொல்லலாம் என்று இருந்துவிட்டார்.

மூன்று கிழமையில் மறுவிசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. கெல்லர் அப்போதுதான் விசயத்தைச் சொன்னார். தம்பித்துரை கட்டிலில் இருந்தபடி கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, முதல் விசாரணையிலை என்ன சொன்னனீங்கள்?" என்று குலேந்திரன் கேட்டான்.

"கடையிலை மூட்டை தூக்கினனான் எண்டு. மனுசி சாகேக்கை நான் யாழ்ப்பாணத்திலை நிண்டனான் எண்டு."

"ஏன் அண்ணை அப்பிடி? சமையல்காரன் எண்டு சொன்னால் என்ன குறைஞ்சு போயிடும்?"

"சமையல்காரன் எண்டால், அண்டைக்கு எங்கை நிண்டனீர் எண்டு கேப்பாங்கள்."

சொல்லிவிட்டுக் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்தார்.

விசாரணை அறையில் ஓர் அதிகாரி, தட்டச்சு செய்ய ஒரு பெண், மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண். அதிகாரி முதல் வாக்குமூலத்தையும் கெல்லரின் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இதில் எது பொய்?" என்று கேட்டார்.

தம்பித்துரை சொல்லத் தொடங்கினார். எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரம் நுவரெலியாவுக்கு வந்த நாள். ஹோட்டலில் அன்று மத்தியானம் எட்டு வெள்ளைக்காரர் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். புடிங் போறணைக்குள் போய்க் கொஞ்ச நேரம். பின்கதவால் அவருடைய மனைவி சிவமலர் ஓடிவந்தாள். கடைத்தெரு எரியுது, சந்தியிலை லொறி ஒண்டு நிக்குது, எங்கடை சனத்தை ஏத்துறாங்கள், இப்பவே வாங்கோ என்றாள்.

"நான் சொன்னன், பத்து நிமிசம் பொறும் எண்டு. இப்ப கதவைத் திறந்தால் எல்லாம் அமுங்கிப் போயிடும், நீர் போய் ஏறும், நான் பின்னாலை வாறன் எண்டு." அவர் மேசையைப் பார்த்தபடியே சொன்னார். "அவ போயிட்டா."

புடிங்கை எடுத்து வைத்துவிட்டு அவர் வெளியே வந்தபோது வாசலில் பொலிஸ் நின்றது. ஒருவரையும் வெளியே விடவில்லை. லொறி தப்பிப் போயிருக்கும் என்ற நம்பிக்கையில் ஹோட்டலுக்குள்ளேயே இரண்டு நாள் கிடந்தார். லொறி தப்பித்தான் போனது. பிறகு அகதி முகாமில் அந்த லொறிச் சாரதியைக் கண்டார். "அக்கா ஏறினவதான் அண்ணை. வெளிக்கிடேக்கை இறங்கிட்டா. அவர் வாறார், நான் நிண்டு கூட்டிக்கொண்டு வாறன் எண்டு சொன்னவ" என்றான். அவளைச் சந்தியில் வைத்தே கொன்றிருந்தார்கள்.

மொழிபெயர்த்த பெண் பாதியில் நிறுத்தி ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். பிறகு மிச்சத்தைச் சொன்னாள்.

"ஏன் இதை முதலில் சொல்லவில்லை?" என்று அதிகாரி கேட்டார்.

"வெக்கம்" என்றார் தம்பித்துரை. அதை எப்படிச் சொல்வதென்று அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். ஏதோ ஒரு சொல்லைச் சொன்னாள். தட்டச்சு ஓசை கேட்டது.

திரும்பி வரும்போது ரயிலில், கூட வந்திருந்த குலேந்திரனிடமும் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். குறையவில்லை. குலேந்திரன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மார்கழியில் முடிவு வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. குசினியில் வைத்துக் கெல்லர் அதை வாங்கி மெதுவாக வாசிக்க, குலேந்திரன் தமிழில் சொன்னான். விண்ணப்பதாரர் முன்னுக்குப்பின் முரணாகப் பேசுகிறார் என்று ஒரு காரணம். மற்றது, உயிராபத்து என்று மனைவியே நேரில் வந்து எச்சரித்த பிறகும் ஒருவர் ஒரு மாப்பலகாரத்துக்காக அடுப்படியில் நின்றார் என்பது மனித அனுபவத்துக்கு ஒவ்வாதது, ஆகவே இரண்டாவது வாக்குமூலமும் நம்பத்தக்கதல்ல.

கெல்லர் கடிதத்தை மேசையில் வைத்தார். "நான்... நல்லது என்று நினைத்துத்தான்..." என்று இழுத்தார். தம்பித்துரை அவர் தோளில் கைவைத்தார்.

"மேன்முறையீடு செய்யலாம் அண்ணை. முப்பது நாள் இருக்கு. சூரிச்சிலை ஒரு வக்கீல் இருக்கிறாராம்" என்றான் குலேந்திரன். "நீங்கள் சொன்னது உண்மை எண்டு எழுதுவம்."

"என்னெண்டு எழுதுவீர்?"

குலேந்திரன் மேசையில் கிடந்த கடிதத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"அவங்கள் எழுதினதிலை என்ன பிழை?" என்றார் தம்பித்துரை. "ஒரு மனிசன் அப்பிடி நிப்பானோ? நானெண்டாலும் நம்பமாட்டன்."

கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு தொட்டியடிக்குப் போனார். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.